அடைத்துக்கொள்ளாத வடிகட்டி

மாலத்தீவுக்குப் படகுப் பயணம் போகவிருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கொம்புத் திருக்கை பக்கத்தில் நீந்தினால் கொட்டிவிடாதா?"

கொட்டாது. பவளப் பாறைகளை ஒட்டி வாழும் அந்த இனத்துக்கு வாலில் முள்ளே கிடையாது. மூன்று மீட்டருக்கு மேல் சிறகு விரித்து, வாயைப் பிளந்துகொண்டு நேராக வந்தாலும் அதன் குறி மிகச் சிறிய மிதவை உயிரிகள்தான். வியக்க வேண்டியது அந்த வாய்க்குள் நடப்பதை.

அதைப் பார்க்க ஏற்ற இடம் பா பவளத்தீவுக் கூட்டத்திலுள்ள ஹனிஃபாரு விரிகுடா. மே முதல் நவம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஓதம் ஏறும்போது வெளிக்கடல் நீர் மிதவை உயிரிகளை இந்தக் குறுகிய இடத்துக்குள் தள்ளி அடைத்துவிடும். நீர் கலங்கும், திருக்கைகள் வந்து குவியும். இரை மிகுந்த நாட்களில் ஐம்பதுக்கு மேல் ஒன்றன்பின் ஒன்றாக வட்டமிட்டுச் சுழல்வதுண்டு. 2012 முதல் இங்கே காற்று உருளையோடு மூழ்கத் தடை. ஸ்நார்க்கல் குழாயோடு மேலே மிதந்து பார்க்கலாம்; ஒரே நேரத்தில் 80 பேர், ஆளுக்கு 45 நிமிடம். அது போதும்.

மேய வரும் திருக்கையின் தலையைக் கவனிக்க வேண்டும். கொம்புபோல் சுருட்டி வைத்திருந்த இரண்டு மடல்களும் விரிந்து நீரை வாய்க்குள் திருப்பிவிடும். உள்ளே, ஐந்து ஜோடிச் செவுள்களின் முன்னால், வரிசை வரிசையாக மெல்லிய தகடுகள்.

டீக்கடை வடிகட்டியை நினைத்துக்கொள்ளலாம். துளை சிறிது, தூள் பெரிது. தூள் மேலே தங்கும். நாலைந்து கிளாஸ் ஆனதும் அடைத்துக்கொள்ளும், மாஸ்டர் தட்டிக் கொட்டுவார். திருக்கையின் வடிகட்டியில் வலை இல்லை. ஒரே பக்கமாகச் சாய்ந்த தகடுகள். டீ மேலிருந்து விழாமல் தகடுகளின் மேலாக வேகமாக ஓடுகிறது. தகடுகளுக்கு நடுவே உள்ள இடுக்கோ தூளைவிடப் பெரிது! தூள் விழுந்துவிட வேண்டாமா? விழுவதில்லை. ஒவ்வொரு தகட்டின் பின்னாலும் ஒரு குட்டிச் சுழி உருவாகிறது. டீ சட்டென்று வளைந்து இடுக்கில் இறங்கிவிடும். தூளால் அவ்வளவு வேகமாக வளைய முடியாது. தகட்டில் மோதித் துள்ளி மேலோட்டத்துக்கே திரும்பும். அடுத்த தகட்டிலும் அதே கதி. கடைசியில் தூளெல்லாம் திரண்டு தொண்டைக்குப் போக, தெளிந்த டீ செவுள் வழியே வெளியேறிவிடும். மாஸ்டருக்குத் தட்டும் வேலையே இல்லை.

மிஸ்டி பெய்க்-டிரான், ஜேம்ஸ் ஸ்ட்ரோதர் ஆகியோரின் குழு இதை 2018இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் விளக்கியது. துளையைவிடச் சிறிய துகளையும் அடைப்பில்லாமல் பிரிக்கும் வடிகட்டி என்பதுதான் அதன் அழகு.



இந்த வடிகட்டியைக் காட்டி 'நுண்பிளாஸ்டிக்குக்குத் திருக்கை தந்த தீர்வு' என்று வரும் தலைப்புகளை நம்ப அவசரப்பட வேண்டாம். இந்த முறை துகளைத் திரட்டித் தருகிறது, நீரிலிருந்து முழுக்க எடுத்துவிடுவதில்லை. நீரோட்டமும் தக்க வேகத்தில் இருந்தாக வேண்டும். பிளாஸ்டிக்கையும் இரையையும் பிரித்துப் பார்க்க இந்தத் தகடுகளுக்குத் தெரியாது. இந்தோனேசியக் கடலில் மேயும் திருக்கை மணிக்கு 63 பிளாஸ்டிக் துண்டுகள் வரை விழுங்கக்கூடும் என்று 2019இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது.

அந்தத் தலைப்புகளைவிடக் கொடுமையான புரட்டு ஒன்று உண்டு. இந்தச் செவுள் தகடுகளை உலர்த்தி, சீனாவின் குவாங்சோ சந்தையில் உடம்பைச் சுத்தமாக்கும் மருந்தென்று விற்கிறார்கள். அதற்கு எந்த அறிவியல் ஆதாரமும் இல்லை. இந்திய, இலங்கைக் கடல்களில் வலையில் சிக்கும் இதே வகைத் திருக்கைகளின் தகடுகளும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன. அந்த இழப்பு எளிதில் ஈடாகாது: பெண் திருக்கை ஈனுவதோ பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி, அதுவும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை.