அணில் ஆடாத முன்றில்

சங்கப் புலவர் ஒருவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் இன்னதென்று நமக்குத் தெரியாது. அவர் பாடிய பாட்டிலே, மனிதர் விட்டு நீங்கிய வீட்டின் முற்றத்தில் அணில்கள் விளையாடும் காட்சி ஒன்று வருகிறது. தலைவனைப் பிரிந்த தலைவி, தன் நெஞ்சின் வெறுமைக்கு அவ்வீட்டை உவமையாகக் கூறுகிறாள். குறுந்தொகையின் 41ஆம் பாடல் அது. அக்காட்சியைக் கொண்டே அப்புலவருக்கு ‘அணிலாடு முன்றிலார்’ என்ற பெயர் வழங்கலாயிற்று. ஆளில்லாத வீட்டுக்கு அணிலை அடையாளமாகக் கண்டவர் அவர். ஆட்கள் நிறைந்த என் வீட்டிலோ, சில ஆண்டுகளுக்கு முன்னர், அணிலொன்று ஆடமாட்டாமற் கிடந்தது. அதற்குக் காரணம் எங்கள் அன்பே என்பதை அறிந்துகொள்ள நான் வாவியைக் கடக்க வேண்டியிருந்தது.

மட்டக்களப்பு வாவி தெற்கு வடக்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. அதன் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் எங்கள் முன்னோர் வழங்கினர். கடலோரப் பெருந்தெருவும் கடைகளும் எழுவான்கரையில். வயலும் மாடும் படுவான்கரையில். என் வீடு படுவான்கரையிலுள்ள மண்டூரில் இருக்கிறது.

அவ்வாண்டு வைகாசியில் கச்சான் காற்றுக் கடுமையாக வீசியது. வளவிலிருந்த தென்னையிலிருந்து ஓர் அணிற்கூடு விழுந்தது. அதனுள் மூன்று குஞ்சுகள், இரண்டு இறந்துவிட்டன. கண் திறவாத, மயிர் முளையாத மூன்றாவதை என் பேத்தி கையில் ஏந்தி வந்தாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. பழந்துணியில் வைத்துச் சூடு காட்டி, ஆட்டுப்பாலில் நனைத்த பஞ்சுத் திரியைச் சுவைக்கக் கொடுத்தோம். அது பிழைத்தது. ‘சின்னான்’ என்று அவள் பெயரிட்டாள்.

ஆவணியில் மண்டூர் முருகன் கோயிற் திருவிழா வந்தது. வீதியெங்கும் கச்சான் கடைகள். எங்கள் நாட்டில் நிலக்கடலைக்கும் கச்சான் என்றே பெயர். வீட்டுக்கு வந்தவர்களெல்லாரும் சின்னானுக்கென்று ஒரு சரை கச்சான் கொண்டு வந்தார்கள். அது பின்காலில் குந்தியிருந்து முன்கையாற் பருப்பைப் பிடித்துக் கொறிக்கும் அழகைக் காண அயல் முழுவதும் கூடிற்று. பூனைக்கு அஞ்சி அதனை உள்ளறையில், கிளிக்கூட்டில் வைத்திருந்தோம்.

திருவிழா முடிந்து சில நாள்களில் சின்னான் கம்பியில் ஏறுவதை நிறுத்தியது. பின்னர் பின்கால்கள் இரண்டையும் இழுத்து இழுத்து நகர்ந்தது. ஒரு காலையில் நகரவுமில்லை. கண்ணூறு என்றார் ஒருவர். பூச்சி கடித்திருக்கும் என்றார் மற்றொருவர். குழந்தைகளுக்கான காய்ச்சற் பாணி மருந்து அலுமாரியில் இருந்தது. ஒரு துளி கொடுத்தால் என்ன என்று நானும் போத்தலைத் திறந்தேன். கைக்குள் அடங்கும் அவ்வுடம்புக்கு அந்தத் துளியே எத்தனை பங்கு அதிகமென்று அறியாமையால் மீண்டும் மூடினேன். அயலூரில் கால்நடைகளைப் பார்க்கும் வைத்தியர் நேர்மையானவர். “மாடு, ஆடு, கோழி என்றால் எனக்குத் தெரியும் ஐயா. இதை நான் கைக்கொண்டதில்லை. நகரத்தில் நாய், பூனை பார்க்கும் வைத்தியர் ஒருவர் இருக்கிறார், காட்டிப் பாருங்கள்” என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாட் காலையில் சப்பாத்துப் பெட்டியொன்றில் துணி விரித்து, சின்னானை வைத்துக்கொண்டு, நானும் பேத்தியும் குருமண்வெளிக்குச் செல்லும் ‘பாதை’யில் ஏறினோம். நீரின்மேல் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிச் செல்லும் தட்டையான மிதவைக்கு எங்கள் பக்கத்தில் அதுவே பெயர்.

“என்ன மனே பெட்டிக்குள்ள, கோழிக்குஞ்சா?” என்று ஒரு மூதாட்டி கேட்டாள்.

“அணில், அம்மம்மா. சுகமில்ல. டொக்டரிட்டக் கொண்டு போறம்.”

பக்கத்தில் நின்ற இளைஞர் இருவர் சிரித்தனர். வேறு அலுவலாகத்தான் நகருக்குப் போகிறோம் என்று சொல்லிவிடலாமா என எனக்குத் தோன்றியது. நாற்பதாண்டு பிள்ளைகளுக்குச் சீவகாருண்யம் கற்பித்த ஆசிரியன் நான்! மூதாட்டி மட்டும், “வாயில்லாச் சீவன், வெயில் படாமக் கொண்டு போ மனே” என்றாள். இலங்கைக்கு அணை கட்டியபோது நீரிற் குளித்து மணலிற் புரண்டு தொண்டு செய்த அணில்களைத் தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையிற் போற்றியிருக்கிறார். அதை வகுப்பிலே எத்தனை முறை உருகிச் சொல்லியிருக்கிறேன்! பாலமில்லாத அந்நீரின்மேல், மடியில் ஓர் அணிலுடன், நான் வாய் திறவாமல் இருந்தேன்.

குருமண்வெளியிலிருந்து களுவாஞ்சிகுடிக்குப் போய்ப் பஸ் ஏறினோம். ஆரையம்பதி, காத்தான்குடி கடந்து, 2013இல் திறக்கப்பட்ட புதிய கல்லடிப் பாலத்தின் வழியே நகரை அடைந்தோம். வைத்தியர் பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பயின்ற இளம்பெண். அவர் சிரிக்கவில்லை. முதலில் நிறை பார்க்க வேண்டுமென்றார். நாய்களை நிறுக்கும் தராசு சின்னானை உணரவேயில்லை. அடுத்த தெருவிலிருந்த நகைக்கடைக்கு எங்களை அனுப்பினார். பொன் நிறுக்கும் தட்டிலே சின்னான் 82 கிராம் நின்றது.

“வளர்ந்த அணிலே ஏறத்தாழ நூறு கிராம்தான் ஐயா. பத்துக் கிலோ நாயின் நிறையில் இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நிறை தெரியாமல் மருந்து கொடுத்தால் மருந்தே கொன்றுவிடும்” என்றார். நான் மூடி வைத்த போத்தல் என் நினைவுக்கு வந்தது.

பின்பு பேத்தியிடம், “மகள், இவருக்கு என்ன சாப்பாடு?” என்று கேட்டார்.

“கச்சான்! பிஸ்கட்டும் சோறும் கொஞ்சம். கச்சான்தான் விருப்பம்.”

“வெயிலில் விடுவீர்களா?”

“பூனை பிடிச்சிரும் எண்டு அறைக்குள்ளதான் வச்சிருக்கம்.”

வைத்தியர் பின்காலைக் கிள்ளினார். சின்னான் காலைச் சற்றே உள்ளிழுத்தது. உணர்ச்சி இருப்பதால் நம்பலாம், உறுதி கூற இயலாது என்றார். நோயின் இயல்பையும் விளக்கினார். கச்சானிலும் வித்துக்களிலும் பொஸ்பரஸ் மிகுதி, கல்சியம் குறைவு. கல்சியம் போதாதபோது உடம்பு தன் எலும்பிலிருந்தே அதனை எடுத்துக்கொள்கிறது. சூரிய ஒளி படாவிட்டால் உயிர்ச்சத்து ‘டி’ உண்டாகாது. அஃதின்றி உண்ட கல்சியமும் உடம்பிற் சேராது. எலும்பு மென்மையடைந்து பின்கால்கள் சோர்கின்றன. வீட்டில் வளர்க்கும் அணில்களுக்கு வரும் நோய்களில் இது முக்கியமானது என்றார்.

ஒரு கச்சான் அதனை மரத்திலிருந்து வீழ்த்தியது. மற்றொரு கச்சான் படுக்கையில் வீழ்த்தியது. முன்னையது காற்றின் செயல். பின்னையது எங்கள் செயல்.

நிறைக்கேற்பக் கல்சிய மருந்தைத் துளிக்கணக்கில் எழுதித் தந்தார். காலை இளவெயிலில், பாதி நிழலாகக் கூட்டை வைக்கவேண்டும். முருங்கையிலையும் கொய்யாப்பழமும் கொடுக்கவேண்டும். கொறிப்பதற்குக் கணவாய் ஓடு வைக்கவேண்டும். இனி எப்போதாவது குஞ்சு விழுந்தால், காயமில்லையேல் சிறு கூடையில் இட்டு அம்மரத்தடியிலேயே வைத்து விலகி நில்லுங்கள், தாயணில் வந்து கவ்விச் செல்லக்கூடும் என்றார். குளிர்ந்துபோன குஞ்சுக்குச் சூடேற்றாமற் பால் கொடுக்கலாகாது. அவசரத்தில் ஊட்டினால் பால் நுரையீரலிற் புகுந்துவிடும். இவையெல்லாம் எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்று சின்னான் பிழைத்தது அதன் நல்லூழ்.

திரும்பும் வழியில் கல்லடிக் கடற்கரையில் இறங்கினோம். அலை ஒதுக்கிய கணவாய் ஓடுகளைப் பேத்தி சட்டை மடியில் பொறுக்கிக்கொண்டாள்.

ஒரு கிழமை வரை மாற்றமில்லை. ஒன்பதாம் நாள் சின்னான் எழுந்து நின்றது. மூன்று வாரங்களில் கம்பியில் ஏறியது. வலப் பின்கால் மட்டும் சற்றே பின்தங்கிற்று. வைத்தியர் கூறிய கடைசி மருந்து இனித்தான் இருந்தது. ஏற முடிந்ததும் கூட்டை மரத்திற் கட்டித் திறந்துவிடச் சொல்லியிருந்தார்.

பேத்தி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. “நான்தானே அம்மப்பா காப்பாத்தினன், எனக்கில்லையா?” என்று அழுதாள். நோயாக்கியவர்களும் நாமே என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? மாரி மழைக்கு முன், ஒரு காலையில் அவளே கூட்டின் கதவைத் திறந்தாள். சின்னான் வாசலில் நெடுநேரம் இருந்து, பின் மாமரக் கிளையில் ஏறிற்று. சில நாள் இரவில் கூட்டுக்குத் திரும்பியது. பின்னர் வரவில்லை.

இப்போது எங்கள் முற்றத்தில் அணில்கள் பல ஆடுகின்றன. எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். அடுத்த மாரி வரையும், வலக்காலை இழுத்து ஏறும் ஒன்றைத் தான் கண்டதாகப் பேத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். ஆவணித் திருவிழாவில் கச்சான் வாங்கிக் கொடுத்தால், வழியிலேயே தின்று முடித்துவிட்டுத்தான் வீட்டுப் படலையைத் திறக்கிறாள்.