கிட்டார் தோளில் நிக்கணுமா? முதல்ல அந்தக் குட்டி ஸ்க்ரூவைப் பாருங்க!

கல்லூரி கல்ச்சுரல்ஸ். பாட்டு உச்சத்துக்குப் போகுது, நீங்களும் ஒரு துள்ளு துள்ளுறீங்க. திடீர்னு தோள்ல பாரமே இல்ல. அடுத்த நொடி 'டமால்'! லெஸ் பால் மாதிரி தலைப்பகுதி பின்னால் சாய்ந்திருக்கிற கிட்டார்னா, நிலைமை இன்னும் மோசம். நட்டுக்குப் பின்னாடி கழுத்து மெலிந்திருக்கிற இடத்தில் மரம் விண்டுபோவது இந்த வகை கிட்டார்களில் ரொம்ப சகஜம்.

உடனே எல்லாரும் ஸ்ட்ராப்பைத்தான் திட்டுவோம். ஆனால் விழுவதில் ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, பட்டன்ல இருந்து ஸ்ட்ராப் நழுவுவது. இன்னொண்ணு, பட்டனே மரத்தைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு வருவது. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற. ஆட்டம் காணும் பட்டன் மேல ஸ்ட்ராப் லாக் வாங்கி மாட்டுவது, ஆடுற கதவுக்குப் பெரிய பூட்டு போடுற கதைதான்.

அதனால முதல்ல விரலால் பட்டனைத் திருகிப் பாருங்க. அசையவே கூடாது. லேசாகச் சுற்றினால், தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஒரு திருப்பு இறுக்குங்க. பெரும்பாலான பட்டன்களுக்கு 2-ம் நம்பர் டிரைவர் சரியாக இருக்கும். இறுகி நின்னுடுச்சா, வேலை முடிஞ்சுது. இறுகாமல் சும்மா சுத்திக்கிட்டே இருந்தால், உள்ளே மரம் தேய்ந்துபோச்சுன்னு அர்த்தம். ஸ்க்ரூவின் புரி மரத்துக்குள் வெட்டி வைத்திருந்த தடம் மழுங்கிடுச்சு. இனி எத்தனை தடவை திருப்பினாலும் அந்த ஓட்டை பெருசாகுமே தவிர, பிடிக்காது.

'கொஞ்சம் தடிமனான ஸ்க்ரூ போட்டுடலாமே?' என்று தோன்றும். வேண்டாம். மரம் பிளக்கலாம்; ஸ்க்ரூவின் தலையும் பட்டனின் குழிக்குள் உட்காராமல் துருத்திக்கொண்டு நிற்கும். நல்ல வழி, ஓட்டையை மரத்தாலேயே அடைப்பது. மரத்தால் ஆன பல்குச்சிகளை ஃபெவிகால் மாதிரியான மரப் பசையில் தோய்த்து, இனி உள்ளே போகாது என்கிற அளவுக்கு ஓட்டையில் திணியுங்க. வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை பிளேடால் நறுக்கி, வழிந்த பசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட்டுடுங்க. இந்தப் பொறுமைதான் பலருக்கு வராது. தீக்குச்சியும் போடலாம்தான், ஆனால் அந்த மரம் ரொம்ப மென்மை (கோவில்பட்டிக்காரங்க கோவிச்சுக்காதீங்க!). இன்ஸ்டன்ட் பசை பக்கம் மட்டும் போகாதீங்க. ஒரு சொட்டு வழிந்தால் கிட்டாரின் பளபளப்பு காலி.

மறுநாள் நேரடியாக ஸ்க்ரூவை ஏற்றாமல், முதலில் சின்னதாக ஒரு வழித்துளை போடணும். டிரில் பிட் எந்த அளவு? ஸ்க்ரூவின் புரியை விட்டுவிட்டு, நடுத்தண்டின் தடிமன் எவ்வளவோ அவ்வளவுதான். ஸ்க்ரூவின் நீளத்துக்கு பிட்டில் ஒரு டேப் சுற்றிக்கொண்டால், அதற்கு மேல் ஆழம் போகாது. ஸ்க்ரூ புரியில் கொஞ்சம் மெழுகு தேய்த்துவிட்டு, கையாலேயே ஏற்றுங்க. மெஷின் வேகத்தில் ஏற்றினால் மறுபடியும் முதல்ல இருந்துதான்! பட்டனுக்கும் உடலுக்கும் நடுவே ஒரு ஃபெல்ட் வாஷர் போட்டால் பெயின்ட்டும் தப்பிக்கும்.

அக்கூஸ்டிக் கிட்டார் கதை வேற. பலவற்றில் அடிப்பக்கத்தில் மட்டும்தான் பின் இருக்கும். அதுவும் பல மாடல்களில் ஸ்க்ரூ கிடையாது. கூம்பு வடிவத்தில் சும்மா அழுத்திச் சொருகியிருப்பாங்க. இழுத்தால் வருதான்னு இப்பவே பாருங்க. தளர்வாக இருந்தால் ஒரு சின்னக் காகிதத் துண்டைச் சுற்றி, அழுத்தித் திருகிச் சொருகினால் பிடித்துக்கொள்ளும். கேபிள் மாட்டும் ஜாக்கே பின்னாகவும் இருக்கிற கிட்டார் என்றால், வெளி நட்டை மட்டும் கண்மூடித்தனமாகத் திருகக் கூடாது. உள்ளே ஜாக் முழுசும் சேர்ந்து சுற்றி, வயர் முறுக்கிக்கும்.

மறுமுனைக்கு, ஒரு கயிற்றை நட்டுக்கும் ட்யூனிங் கீகளுக்கும் நடுவில், கம்பிகளுக்கு அடியில் விட்டுக் கட்டலாம். ஓட்டை போடவே வேண்டாம். ஆனால் முதல் ஃப்ரெட்டில் கார்டு பிடிக்கும்போது கை இடிக்கும். கழுத்தின் குதிகால் பகுதியில் பட்டன் வைப்பது வசதி. ஆனால் சில கிட்டார்களில் கழுத்தைப் பிடித்திருக்கும் போல்ட் சரியாக அங்கேதான் ஒளிந்திருக்கும். வாரன்ட்டியும் போகலாம். அந்த ஒரு துளையை மட்டும் கிட்டார் ரிப்பேர் தெரிந்தவரிடமே விட்டுடுறது புத்திசாலித்தனம்.

பட்டன் உறுதியாகிடுச்சா? இப்போ ஸ்ட்ராப் நழுவாமல் பார்த்துக்கணும். சல்லிசான வழி, ஸ்ட்ராப்பை மாட்டிய பிறகு பட்டனின் தலை மேல் ஏற்றும் ரப்பர் வாஷர். க்ரோல்ஷ் பீர் பாட்டில் மூடியில் இருக்கிற வாஷரைத்தான் கிட்டார்காரங்க ரொம்ப காலமா இதுக்குப் பயன்படுத்துறாங்க. இப்போ இதுக்குன்னே தனியாகவும் விற்கிறாங்க. ஒரு எச்சரிக்கை: உங்க கிட்டார் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு கொண்டதா இருந்தால், ரப்பர், வினைல் எதுவும் நாள்கணக்கில் அதன் மேல் படாமல் பார்த்துக்கோங்க, கறை பிடிச்சிடும்.

மேடையில் ஆடுற ஆள்னா, ஸ்ட்ராப் லாக்தான் சரி. டன்லப், ஷாலர் ரெண்டும் பிரபலம். ஒன்றின் பட்டனில் இன்னொன்றின் லாக் மாட்டாது. அதனால ரெண்டு கிட்டார் வெச்சிருந்தா ஒரே பிராண்டா வாங்குங்க. கூட வரும் ஸ்க்ரூ பழையதைவிட மெல்லிசா இருக்கான்னு பக்கத்தில் வைத்துப் பாருங்க. மெல்லிசா இருந்தால், மேலே சொன்ன பல்குச்சி வேலையை முடித்துவிட்டுத்தான் மாட்டணும். ஸ்ட்ராப் பக்கம் இருக்கிற நட் அடிக்கடி தளரும், அதையும் கவனிங்க.

எல்லாம் மாட்டியதும் கட்டில் மெத்தைக்கு மேலே கிட்டாரைத் தொங்கவிட்டு, ஸ்ட்ராப்பை நேராகவும் பக்கவாட்டிலும் நல்லா இழுத்துப் பாருங்க. பிறகு ஒவ்வொரு தடவை கம்பி மாற்றும்போதும் பட்டனை ஒரு திருகு திருகிப் பார்த்துட்டா போதும்.