நிலாவுக்கு ஒத்திகை பார்த்த நாமக்கல் கல்

2023 ஆகஸ்ட் 23 அன்று மாலை சந்திரயான்-3இன் விக்ரம் தரையிறங்கி நிலாவில் இறங்கியதும் நாடே கொண்டாடியது. விஞ்ஞானிகளுக்குப் பாராட்டு குவிந்தது, குவிய வேண்டியதுதான். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைக் கற்களுக்கும் அதில் பங்கு உண்டு. அங்கே கிடைக்கும் வெளிறிய அனார்த்தோசைட், நிலாவின் மேட்டுநிலப் பாறையோடு இனம் சேரும். சந்திரயான்-2 திட்டத்துக்காக அந்தக் கல்லை உடைத்து, கிரஷரில் பொடியாக்கி, நிலா மண்ணின் துகள் அளவுக்குப் பக்குவப்படுத்தி, பெங்களூருவில் டன் கணக்கில் பரப்பினார்கள். ரோவர் சக்கரம் புதைகிறதா, வழுக்குகிறதா என்று அதன்மேல் ஓட்டிப் பார்த்தார்கள். இந்த மண்ணைத் தயாரிக்கும் முறைக்கு 2020இல் இஸ்ரோ காப்புரிமையும் பெற்றது.

நிலாப் பயணத்தில் ராக்கெட் பாதிதான், மீதி பாறையியல். அப்பல்லோ வீரர்கள் ஆறு பயணங்களில் கொண்டுவந்தது சுமார் 382 கிலோ கல்லும் மண்ணும். 1971இல் அப்பல்லோ 15 கொண்டுவந்த, ‘ஆதிக்கல்’ என்று கொண்டாடப்பட்ட துண்டும் அனார்த்தோசைட்தான். காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல, உருகிக் கிடந்த நிலாவில் எடை குறைந்த தாது மேலே மிதந்து ஓடாக இறுகியது என்பது அறிவியலாளர்களின் கணிப்பு. தென்துருவத்துக்கு அருகே விக்ரமோடு போன பிரக்யான் ரோவர் அளந்த மண்ணும் அந்தக் கணிப்போடு ஒத்துப்போவதாக 2024இல் ஆய்வு முடிவு வெளியானது. சித்தம்பூண்டிப் பாறை உருவான விதம் வேறுதான். ஆனால் கால்சியம் மிகுந்த அதே வகைத் தாது இரண்டிலும் இருப்பதால்தான் ஒத்திகைக்கு உதவியது. இந்தப் பாறையின் குணத்தைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நிலவியலாளர்கள் எழுதிவைத்திருந்தார்கள். அந்தப் பதிவு இல்லாமல் இருந்தால், தேவைப்பட்ட நேரத்தில் எங்கே போய்த் தேடியிருப்போம்?

இந்தக் கேள்வி பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக்கும் பொருந்தும். பெரம்பலூரின் வடக்கே பழம்பாறை, குவாரி, கிரஷர். தென்கிழக்கே அரியலூர் நோக்கிப் போனால் ஒரு காலத்தில் கடல் புரண்ட சுண்ணாம்புப் படிவு. சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரம், பல கோடி ஆண்டுப் பழமையானது. காரை ஓடைச் சரிவுகளில் நத்தைபோலச் சுருண்ட அம்மோனைட் புதைபடிவங்கள் கிடைக்கும். விண்கல் மோதி டைனோசர்கள் அழிந்த காலத்தை ஒட்டிய படிவுகளும் அரியலூரில் உண்டு. விண்கல் விழுந்த தழும்பை நிலா பள்ளங்களாக வைத்திருக்கிறது. அப்படியொரு மோதலுக்கு முன்னும் பின்னும் உயிர்கள் என்ன ஆயின என்பதை இந்த மண் வைத்திருக்கிறது. அதைத்தான் வெடி வைத்துத் தகர்த்து, சிமென்ட் சூளைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

சுண்ணாம்புக்கல் தரும் பிழைப்பை மறுப்பதற்கில்லை. சுரங்கம் தோண்டியதால்தானே பல புதைபடிவங்கள் வெளியே வந்தன என்று கேட்பவர்களும் உண்டு. வாதம் சரிதான். ஆனால் வெளியே வந்ததை யார் பார்த்தார்கள், எந்த அடுக்கில் கிடைத்தது என்று யார் குறித்தார்கள்? அடுக்கு தெரியாத படிவம் அலமாரிப் பொம்மை. அதற்கு வயது சொல்வதே பெரும்பாடு. நிலாவில் ஒரு கல்லை எடுக்கும் முன் அது கிடந்த இடத்தை அப்பல்லோ வீரர்கள் படம்பிடித்தார்கள். இங்கே லாரி லாரியாகப் போவதற்கு ஒரு குறிப்பு இல்லை என்றால் என்ன நியாயம்? வெடி வைக்கும் முன் ஒரு நிலவியலாளர் அடுக்குகளைப் பதிவு செய்யட்டும். ஒவ்வொரு சுரங்கத்திலும் ஒரு சுவரையாவது வெட்டாமல் விடட்டும். நிலாவுக்குச் செலவிட்டதில் சிறு துளி போதும் இதற்கு. நிலாவுக்கு இன்னொரு முறை போகலாம். அரைத்துவிட்ட அடுக்கை எத்தனை கோடி கொட்டினாலும் திரும்ப அடுக்க முடியாது.