மூட்டை தூக்கும்போது தோள்பட்டை ‘சுருக்’கென்று வலிக்கிறதா? சுளுக்குன்னு விட்டால் கைக்கு ஆபத்து!

கும்மிடிப்பூண்டி:

கையை பக்கவாட்டில் தூக்கினால் பாதியில் ‘சுருக்’... சட்டை மாட்டினால் வலி... ராத்திரி அந்த பக்கம் திரும்பி படுக்க முடியவில்லை... பாரம் தூக்குகிறவர்களுக்கு இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அது வெறும் சுளுக்காக இருக்காது. தோள்பட்டைக்குள் இருக்கும் ‘ரொட்டேட்டர் கஃப்’ தசைநார் தேய்ந்து போயிருக்கலாம், கிழிந்தும் இருக்கலாம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்காலைகளும் ரோலிங் மில்களும் அதிகம். பக்கத்தில் தேர்வாய்கண்டிகை சிப்காட், திருவள்ளூர் பக்கம் காக்களூர் தொழிற்பேட்டை. கம்பி தூக்குபவர், லாரியில் லோடு ஏற்றுபவர், குடோனில் மூட்டை அடுக்குபவர் என்று தோளை நம்பி பிழைப்பவர்கள் இங்கே ஏராளம். “ரெண்டு நாள்ல சரியாயிடும்” என்று மாத்திரை போட்டுக்கொண்டு ஷிப்ட்டுக்கு போவதுதான் பலரது வழக்கம். அப்படி போவதால்தான் சின்ன கிழிசல் பெரிய கிழிசலாகி விடுகிறது.

இதுபற்றி தெரிந்துகொள்ள வேண்டிய விவரம் வருமாறு:-

கோளாறு எங்கே?

இடுப்பு மூட்டு ஆழமான கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும் பந்து மாதிரி. சீக்கிரம் நழுவாது. தோள் மூட்டு அப்படி இல்லை. சின்ன தட்டில் பெரிய உருண்டையை வைத்தது போல இருக்கும். கையை எல்லா பக்கமும் சுழற்ற முடிவது இதனால்தான். ஆனால் பிடிமானம் குறைவு.

அந்த உருண்டை நழுவாமல் சுற்றிலும் பிடித்துக்கொண்டிருப்பவை 4 தசைகள். இவற்றின் நார்கள் ஒன்றாக சேர்ந்து எலும்பை சட்டை கை ‘கப்’ போல சுற்றியிருக்கும். இதற்குத்தான் ரொட்டேட்டர் கஃப் என்று பெயர்.

நாலில் மேலே இருக்கும் நார், தோள் எலும்புக்கும் கை எலும்புக்கும் நடுவே ஒரு குறுகலான சந்து வழியாக போகிறது. கையை தலைக்கு மேலே தூக்கும்போதெல்லாம் அது அந்த சந்தில் நசுங்கும். வருடக்கணக்கில் இப்படி உரசினால் கயிறு நைவது போல நார் நைந்து போகும். 40 வயதை தாண்டியவர்களுக்கு நைவது அதிகம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு நாருக்கு ரத்த ஓட்டம் குறைந்து, புண் ஆறுவதும் தாமதமாகும்.

வீட்டிலேயே பார்க்கலாம்

* கையை பக்கவாட்டில் மெதுவாக தூக்குங்கள். தொடக்கத்தில் வலி இல்லை, தோள் உயரத்தை ஒட்டி வலி, அதையும் தாண்டி மேலே போனால் வலி குறைகிறது என்றால் நார் நசுங்குகிறது என்று அர்த்தம்.

* தலை சீவுவது, பேண்ட் பின் பாக்கெட்டில் கைவிடுவது கஷ்டமாக இருக்கிறதா?

* ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை கை நீட்டி பிடிக்க முடியாமல் கை தானாக கீழே இறங்குகிறதா? வலியைவிட இந்த பலவீனம்தான் முக்கியமான அறிகுறி.

பாரம் தூக்கும்போது ‘படக்’ என்று சத்தம் கேட்டு, அதற்கு பிறகு கையை தூக்கவே முடியவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு போய்விட வேண்டும். முழுசாக கிழிந்த நாரை மாதக்கணக்கில் விட்டால் தசை சுருங்கி உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு தைக்கலாம் என்று போனாலும் சேர்த்து தைப்பது சிரமம்.

இன்னொரு எச்சரிக்கை. இடது தோளில் வலி, கூடவே நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐ கூப்பிடுங்கள்.

கட்டு போட்டால் சரியாகுமா?

அடிபட்டால் எல்லை தாண்டி ஆந்திராவில் உள்ள புத்தூருக்கு போய் கட்டு போட்டுக்கொள்வது இந்த பக்கத்து பழக்கம். ஆனால் இது எலும்பு முறிவு இல்லை, நார் கிழிசல். இதற்கு தோளை வாரக்கணக்கில் அசையாமல் கட்டி வைத்தால் மூட்டு இறுகிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு தோள் இறுகுவது மற்றவர்களைவிட அதிகம். எண்ணெய் போட்டு இதமாக தடவினால் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். ‘சுளுக்கு எடுக்கிறேன்’ என்று கையை பிடித்து வெடுக்கென்று இழுக்க மட்டும் விடக்கூடாது.

மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் வலி மாத்திரையும் அப்படித்தான். வலி தெரியாது, ஆனால் நார் ஆறியிருக்காது. வலி தெரியாததால் அதே பாரத்தை மறுபடி தூக்குவோம். அதோடு உலை சூட்டில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் வேலை பார்ப்பவர்கள் தினமும் இந்த மாத்திரை போட்டால் வயிறும் கிட்னியும் கெடும்.

சிகிச்சை என்ன?

எக்ஸ்ரேயில் எலும்பு மட்டும்தான் தெரியும். நார் கிழிசல் தெரியாது. அதனால் எக்ஸ்ரே நார்மல் என்றதும் நிம்மதியாகிவிடக்கூடாது. தேவைப்பட்டால் டாக்டர் அல்ட்ரா சவுண்ட் ஸ்கேனோ, எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ எடுக்க சொல்வார்.

எல்லாருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. தேய்மானம், பாதி கிழிசல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு பாரத்தை குறைத்து, 6 முதல் 12 வாரம் முறையாக பிசியோதெரபி செய்தாலே வலி குறையும். தோளில் போடும் ஸ்டீராய்டு ஊசி தற்காலிக நிவாரணம்தான். அடிக்கடி போட்டால் நார் இன்னும் பலவீனமாகும்.

முழு கிழிசலுக்கு ஆபரேஷன் செய்தால் கையை 4 முதல் 6 வாரம் தூளியில் வைத்திருக்க வேண்டும். கனமான பாரம் தூக்க 4 முதல் 6 மாதம் ஆகலாம். கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கருக்கு 2006 மார்ச் மாதம் லண்டனில் தோள்பட்டை ஆபரேஷன் நடந்தது. உலகத்தரமான வைத்தியம் கிடைத்தும் அவர் மாதக்கணக்கில் ஆடவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் மலேசியாவில் வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக 141 ரன் அடித்தார். பொறுமையாக காத்திருந்தால் தோள் திரும்பவும் வேலை செய்யும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

செய்ய வேண்டிய பயிற்சிகள்

டாக்டரிடம் காட்டி, கிழிசல் பெரிதாக இல்லை என்று தெரிந்த பிறகு இவற்றை செய்யலாம்.

1. நல்ல கையை மேஜையில் ஊன்றி குனிந்து, வலிக்கும் கையை தொங்கவிட்டு கடிகார பெண்டுலம் போல மெதுவாக ஆட்டுங்கள்.

2. சுவர் பக்கம் நின்று, விரல்களால் சுவரில் நடப்பது போல கையை மேலே ஏற்றுங்கள். வலி வரும் இடத்தில் நிறுத்தி இறக்குங்கள்.

3. பழைய சைக்கிள் டியூப்பை ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வைத்து, டியூப்பை வெளிப்பக்கம் இழுங்கள்.

4. நெஞ்சை நிமிர்த்தி, முதுகு பக்கம் இரண்டு தோள் எலும்பையும் நெருக்கி 5 விநாடி பிடித்து விடுங்கள்.

ஒவ்வொன்றும் 10 தடவை, நாளைக்கு 2 வேளை போதும். லேசான வலி பரவாயில்லை. கூர்மையான வலி வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

தூக்கும் முறை

பாரம் உடம்பை விட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவு சுமை தோளில் ஏறும். மூட்டையை வயிற்றோடு அணைத்து, முழங்காலை மடக்கி, காலின் பலத்தில் எழுந்திருங்கள். வெடுக்கென்று தோளுக்கு வீசி ஏற்றக்கூடாது. இரண்டு பேர் கைகொடுத்து ஏற்றிவிட வேண்டும். ஒரே தோளில் சுமக்காமல் மாற்றி மாற்றி சுமக்கலாம். நெஞ்சு உயரத்துக்கு மேல் அடுக்குவதாக இருந்தால் பலகையோ, ஸ்டூலோ போட்டு நிற்பது நல்லது.

ஒரு ஆண் தொழிலாளி கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவை தாண்டக்கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரை செய்திருக்கிறது. அதற்கு மேல் கனம் என்றால் டிராலியோ, இன்னொரு ஆளோ கேட்பதில் வெட்கம் இல்லை.

ஜிம்முக்கு போகும் வாலிபர்களுக்கும் இதே கதைதான். பார்பெல்லை கழுத்துக்கு பின்னால் இறக்கி ஏற்றுவதை விட்டுவிடலாம். பெஞ்ச் பிரஸ்சில் முழங்கையை முழுசாக விரிக்காமல் விலாவுக்கு சற்று நெருக்கமாக வைக்க வேண்டும். நெஞ்சுக்கு செய்யும் அளவுக்கு முதுகுக்கும் பயிற்சி செய்வது அவசியம்.

சம்பளம் போய்விடுமா?

லீவு போட்டால் கூலி போகுமே என்ற பயம்தான் பலரை ஆஸ்பத்திரிக்கு வரவிடாமல் தடுக்கிறது. சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் அந்த பயம் வேண்டாம். கான்டிராக்ட் தொழிலாளிக்கும் ஈ.எஸ்.ஐ. உரிமை உண்டு. ஈ.எஸ்.ஐ. டாக்டர் சான்றிதழ் கொடுத்தால், குறிப்பிட்ட நாட்களுக்கு சந்தா கட்டியிருப்பவருக்கு வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீத சம்பளம் கிடைக்கும். வேலையின்போது ஏற்பட்ட காயம் என்று பதிவானால் குணமாகும் வரை 90 சதவீதம்.

இதற்கு ஒன்றை மறக்கக்கூடாது. தூக்கும்போது தோள் பிடித்துக்கொண்டால் அன்றைக்கே சூப்பர்வைசரிடம் சொல்லி, விபத்து புத்தகத்தில் எழுத வைக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து “அன்னைக்கே வலிச்சுது சார்” என்று சொன்னால் நிரூபிப்பது கஷ்டம்.

ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் திருவள்ளூர் அரசு மருத்துவ கல்லூரி ஆஸ்பத்திரிக்கு போகலாம். கும்மிடிப்பூண்டியில் ரெயில் ஏறினால் சென்னை சென்ட்ரல் எதிரில் ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. அங்கே எலும்பு சிகிச்சை பிரிவில் காட்டலாம். ஆபரேஷன் என்று சொன்னால் முதல்-அமைச்சரின் காப்பீட்டு திட்டத்தில் வருமா என்று அங்கேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தோள் வலி 2 வாரம் தாண்டியும் விடவில்லை என்றாலோ, கையில் பலம் குறைந்தாலோ இனியும் தள்ளிப்போட வேண்டாம். 2 மாதம் பாரத்தை குறைத்து பயிற்சி செய்தால் தப்பிக்கிற தோளை, வாழ்நாள் முழுக்க பாரம் தூக்க முடியாத தோளாக ஆக்கிக்கொள்ளாதீர்கள்.