பெல்சுபார்க் கல்லும் இலத்திரன் கைப்பற்றலும்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருவீதியில் அக்குறணைக்கு அப்பால் உள்ள அலவத்துகொட, மலைநாட்டின் தொன்மையான உருமாறிய பாறைகளின் மீது அமைந்த ஊராகும். அவ்வீதி சென்றடையும் மாத்தளை மாவட்டத்தில் ஓவல என்னுமிடம் பெல்சுபார் அகழ்விற்குப் பெயர்பெற்றது. தூய பொற்றாசியப் பெல்சுபார் ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 140 கிராம் பொற்றாசியம் உண்டு. (வளர்ந்த மனிதன் ஒருவனின் உடலிலும் ஏறக்குறைய இவ்வளவே உண்டு.) அப்பொற்றாசியத்தின் பத்தாயிரம் அணுக்களில் ஒன்றுக்குச் சற்றுக் கூடுதலானவை பொற்றாசியம்-40 என்னும் கதிர்த்தொழிற்பாடுள்ள சமதானியாகும். அதன் அரைவாழ்வுக் காலம் 125 கோடி ஆண்டுகள். தேயும் நூறு கருக்களில் ஏறத்தாழ 89 இலத்திரனை வெளியேற்றிக் கல்சியம்-40 ஆகின்றன. ஏனையவை தம்மைச் சுற்றும் இலத்திரன் ஒன்றையே கைப்பற்றி ஆகன்-40 ஆகின்றன. இக்கைப்பற்றலின்போது தோன்றும் ஒளி யாது என்பதையே இங்கு நோக்குகின்றோம்.

கைப்பற்றலில் காமாக்கதிர் வெளிவரும் என்று சுருக்கமாகக் கூறுவது மயக்கந் தருவதாகும். உள்ளோட்டு இலத்திரனை ஏற்ற கருவில் புரோத்தன் ஒன்று நியூத்திரனாகின்றது. நியூத்திரினோ சக்தியைக் கொண்டுசெல்கின்றது. இதற்கு ஒளி இன்றியமையாததன்று. பொற்றாசியத்தில் நாம் அளக்கும் 1461 கிலோ இலத்திரன்வோற்றுக் காமாக்கதிர், அருட்டப்பட்ட நிலையிற் பிறந்த ஆகன் கரு அமைதியுறும்போது விடுவதாகும்.

இரண்டாவது ஒளி கருவுக்கு வெளியே தோன்றுகின்றது. உள்ளோட்டில் ஏற்பட்ட வெற்றிடத்தை வெளியோட்டு இலத்திரன் நிரப்புகையில் எக்சு கதிர் பிறக்கலாம். ஆகனில் இது ஏறத்தாழ 3 கிலோ இலத்திரன்வோற்று அளவினது. ஆயினும் பெரும்பாலும் அதற்குப் பதிலாக மற்றோர் இலத்திரனே வெளியேறுகின்றது. யுக்காவாவும் சக்காத்தாவும் 1935இல் எதிர்வுகூறிய கைப்பற்றலை, 1937இல் அல்வாரெசு வனேடியத்தில் இத்தகைய எக்சு கதிர் கொண்டே கண்டறிந்தார்.

மூன்றாவதே கைப்பற்றற் செயலுக்கு முற்றிலும் உரியது. இலத்திரனின் ஏற்றம் திடீரென மறைவதால், மிக அரிதாக, நியூத்திரினோவுடன் ஓர் ஒளித்துணிக்கையும் பிறக்கின்றது. இருக்கும் சக்தியை இரண்டும் பலவாறு பங்கிடுவதால் இவ்வொளியின் திருசியம் தொடர்ச்சியானது. இதன் கொள்கையை மொறிசனும் சிவ்வும் 1940இல் வகுத்தனர். காமாக்கதிர் இடையூறு செய்யாத இரும்பு-55 இதனை ஆராயப் பொருத்தமானது. பொற்றாசியத்திலோ, மொத்தமான 1504 கிலோ இலத்திரன்வோற்றில் காமாவிற்குரியது போக எஞ்சுவது ஏறத்தாழ 44 மட்டுமே. ஆகவே அங்கு இவ்வொளியைத் தேடுவது வீண் முயற்சியென்றே கருதுகின்றோம்.

ஒளியை மட்டும் எண்ணினால் பாறையின் வயது பிழைக்கும். வளிமண்டல ஆகன் பொற்றாசியத்திலிருந்து வந்ததென வைசாக்கர் 1937இல் கருதினார். 1948இல் அல்றிச்சும் நியரும் பழைய பொற்றாசியக் கனியங்களில் ஆகன்-40ஐக் கண்டனர். ஆனால் சில கருக்கள் அருட்டப்படாமலே ஆகனாகின்றன. அவை காமாவின்றி ஆகனை மட்டும் விட்டுச்செல்கின்றன. நெடுங்காலம் கொள்கையளவில் மதிப்பிடப்பட்ட இப்பங்கு, 2023இல் வெளிவந்த கேடிகே ஆய்வில் நேரே அளக்கப்பட்டது: எல்லாத் தேய்வுகளிலும் ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஒன்று. இதனைப் புறக்கணித்தால் 55 கோடி ஆண்டு வயதில் ஏறக்குறைய 50 இலட்சம் ஆண்டுகள் மிகையாகும்.

மேலும் ஆகன் ஒரு வாயு. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கடுவெப்பத்திற்குள்ளான மலைநாட்டுப் பாறைகளில் இக்கடிகாரம் காட்டுவது பாறை குளிர்ந்த காலத்தையே, பிறந்த காலத்தையன்று. மெல்லக் குளிர்ந்த பெல்சுபார் ஆகனை எளிதிற் கசியவிடுமாதலால், வயதறிய விரும்புவோர் அதே பாறையிலுள்ள மைக்காவையோ ஓர்ன்பிளென்டையோ நாடுதல் நன்று. பெல்சுபார் காமா அளவீட்டிற்கு உகந்தது: தூய கல் ஒரு கிலோகிராமிலிருந்து செக்கனுக்கு ஏறத்தாழ 470 காமாக்கதிர்கள் பிறக்கின்றன.