வேர் தேடும் ஏடுகள் - 7: பெயரை விடுங்கள், எண்ணைக் கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்து வளர்ந்த ஒருவர், கப்பலில் வந்த தன் கொள்ளுத்தாத்தாவைத் தேடுகிறார். வீட்டில் எஞ்சியிருப்பது முனுசாமி என்ற பெயர் மட்டும். அதை வைத்துக்கொண்டு ஆவணக் காப்பகத்துக்குப் போனால் ஒரு முனுசாமி அல்ல, பக்கம் பக்கமாக முனுசாமிகள் வருவார்கள். ஒவ்வொருவர் பெயரும் ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருக்கும். தென்னாப்பிரிக்காவுக்கு வந்த பிறகு அப்பாவின் பெயர் மகனுக்குக் குடும்பப் பெயராகி, இரண்டே தலைமுறையில் அடையாளம் மாறிப்போவதும் உண்டு.

இங்கே கைகொடுப்பது எண். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை, டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர் என்பது கணக்கு. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஆண், பெண், கைக்குழந்தை என்று வந்திறங்கிய ஒவ்வொருவருக்கும் வரிசையாக ஓர் எண் கொடுத்தார்கள். மனிதரைச் சரக்கைப் போல எண்ணிய அரசின் வேலை அது. அந்த அவமானம்தான் இன்று பேரப்பிள்ளைகளுக்கு உதவுகிறது.

எண்ணைப் பார்த்தே ஓரளவு காலத்தையும் சொல்லிவிடலாம். 1866-ல் நின்றுபோன ஆள்சேர்ப்பு மறுபடி தொடங்கியது 1874-ல்தான். அதற்குமுன் வந்தவர்கள் ஆறாயிரத்துச் சொச்சம் பேர். ஆகவே பத்தாயிரத்தைத் தாண்டிய எண் என்றால், இரண்டாம் கட்டத்தில் வந்தவர் என்று முடிவு கட்டலாம்.

எண் எங்கே கிடைக்கும்? தாத்தாவின் பிறப்பு, திருமணப் பதிவுகளில் பெற்றோரின் எண்ணைக் குறித்திருப்பார்கள். ஒப்பந்தம் முடிந்ததற்கான விடுதலைச் சான்று பெட்டியடியில் கிடந்தால் அதிலும் இருக்கும். இறந்தவரின் சொத்துக் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் உள்ளன. பெரிய சொத்து இருந்தால்தான் கோப்பு என்று எண்ணி அதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. தவிர்க்க வேண்டாம், வாரிசுகளின் பெயர்கள் அதில்தான் வரிசையாக நிற்கும்.

எண் கிடைத்துவிட்டால் கப்பல் பட்டியலுக்குப் போகலாம். டர்பன் காப்பகத்தில் மூல ஏடுகள் இருக்கின்றன. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்திலும் தேடலாம். டர்பனிலேயே 1860 பாரம்பரிய மையம் என்ற அருங்காட்சியகமும் இருக்கிறது. பட்டியலில் ஒரு வரிதான் ஓர் ஆள்: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடல் அடையாளம், எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்பது. புகைப்படம் இல்லாத ஒருவரைப் பற்றி, இடது முழங்காலில் தழும்பு என்ற குறிப்பைப் படிக்கும்போது தேடுபவர் கொஞ்ச நேரம் அடுத்த வரிக்குப் போகமாட்டார். சாதிக் கட்டத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். துறைமுகக் கொட்டடியில் வேறு சாதி சொன்னவர்கள் உண்டு. எழுத்தர் தன் காதில் விழுந்ததை எழுதியதும் உண்டு.

கிராமத்தின் பெயர்தான் உண்மையான சிக்கல். வந்தவாசி 'வாண்டிவாஷ்' ஆனது நமக்குத் தெரியும். பெயர் தெரியாத சிற்றூர்களின் கதியை நினைத்துப் பாருங்கள். புதூர் என்று மட்டும் இருந்தால் தமிழ்நாடு முழுக்க அலைய வேண்டியதுதான். தாலுகாவைப் பிடித்துக்கொண்டால் வட்டம் சுருங்கும். நேட்டாலுக்கு நிறைய ஆட்களை அனுப்பிய வட ஆர்க்காடு ஜில்லா இன்று வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களாகவும், ஆந்திரத்தின் சித்தூர்ப் பகுதியாகவும் பிரிந்து கிடக்கிறது. ஆகவே இன்றைய வரைபடத்தை மூடிவைத்துவிட்டு, கன்னிமாரா நூலகத்திலோ எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ காக்ஸ் எழுதிய வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டையும் பழைய கிராமப் பட்டியல்களையும் கேட்டு வாங்குங்கள். எழுத்துக்கூட்டலை உரக்கப் படித்துப் பாருங்கள். கண்ணுக்குப் புரியாத ஊர் காதுக்குப் புரியும்.

கிராமம் கிடைத்தபின், அங்கே நிலப் பதிவேட்டில் முப்பாட்டன் பெயர் இருக்கும் என்று எதிர்பார்த்து வருபவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். கப்பலேறியவர்களில் மிகப் பலர் நிலமில்லாதவர்கள். பட்டாவில் பெயர் ஏற வழியில்லை. கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு உதவலாம். மற்றவர்களுக்கு அந்தக் கப்பல் பட்டியலே அவர்கள் பெயரை எழுதிவைத்த முதல் காகிதமாக இருக்கக்கூடும்.

கடலுக்கு இந்தப் பக்கத்தில் இருக்கும் நம்மிடமும் காகிதங்கள் இருக்கலாம். வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்து வாசகர்கள் யார் வீட்டுப் பரணிலாவது நேட்டால், டர்பன் என்று முத்திரையிட்ட பழைய கடிதம் கிடந்தால் தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். உறையையும் சேர்த்துப் படமெடுத்து, மாவட்ட மைய நூலகத்திலோ அரசு அருங்காட்சியகத்திலோ ஒரு பிரதி கொடுத்துவையுங்கள்.