1,500 துவக்கு வகைகளைத் தடை செய்த கனடா, லீவர் ரைபிளை ஏன் விட்டுவைத்தது?

2020 மே 1ஆம் திகதி கனடிய அரசு 1,500க்கும் மேற்பட்ட துவக்கு வகைகளைத் தடை செய்தது. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் தனியொருவர் 22 பேரைக் கொன்றிருந்தார். 2022 ஒக்ரோபரில் பொதுமக்கள் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் முடக்கப்பட்டன. ஆனால் அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவர் இன்றும் கடையில் லீவர் ரைபிள் ஒன்றை வாங்கிக்கொண்டு மான் வேட்டைக்குப் போகலாம்.

துவக்கு என்றதும் சோதனைச்சாவடியும் சீருடையும் நினைவுக்கு வருகிற எங்களுக்கு இந்த வேறுபாடு உடனே பிடிபடாது. சட்டம் இரண்டு விடயங்களைப் பார்க்கிறது. ஒன்று, துவக்கு எப்படி இயங்குகிறது. மற்றது, அது யாருடைய கையில் இருக்கிறது.

ஒவ்வொரு சூட்டுக்கும் கை வேலை

2020இல் தடை செய்யப்பட்டவற்றில் பெரும்பாலானவை அரைத் தானியங்கிகள். விசையை இழுக்க இழுக்க வெடிக்கும். அடுத்த ரவையைத் துவக்கே ஏற்றிக்கொள்ளும். லீவர் ரைபிள் அப்படியல்ல. விசைக்குக் கீழே வளையம் போன்ற ஒரு நெம்புகோல் இருக்கும். அதைக் கீழே தள்ளினால் வெற்றுக்கோது வெளியே விழும், சுத்தியல் பின்வாங்கும். மேலே இழுத்தால் அடுத்த ரவை ஏறும். ஒவ்வொரு சூட்டுக்கும் இந்த வேலையைக் கையால் செய்தாக வேண்டும்.

இந்தப் பொறிமுறை 19ஆம் நூற்றாண்டுக்குரியது. அமெரிக்காவின் ஹென்றி ரைபிள் 1860இல் வந்தது. ஜோன் பிரவுணிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894 மொடல் 70 இலட்சத்துக்கும் மேல் விற்பனையானது. வின்செஸ்டரின் நியூ ஹேவன் தொழிற்சாலை 2006இல் மூடப்பட்டபோது இந்த வகையின் காலம் முடிந்தது என்றே தோன்றியது. நடந்தது வேறு. 2020இல் மார்லின் பெயரை ரூகர் நிறுவனம் வாங்கி, பின்னர் மீண்டும் உற்பத்தியைத் தொடங்கியது. 2024இல் ஸ்மித் அன்ட் வெசன் புதிய லீவர் ரைபிள் ஒன்றை வெளியிட்டது. இன்றைய மொடல்களில் துருப்பிடிக்காத உருக்கு, தொலைநோக்கி பொருத்தும் தண்டு என்று பல மாற்றங்கள் உண்டு. உள்ளே இருப்பது அதே பழைய தத்துவம்தான்.

காட்டுக்குள் அதன் எல்லை

இது தூரத்துக்கான ஆயுதம் அல்ல. பெரும்பாலான லீவர் ரைபிள்களில் ரவைகள் குழலின் கீழுள்ள நீண்ட குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படும். கூர்முனை ரவை போட்டால், அதன் முனை முன்னாலுள்ள ரவையின் வெடிமூட்டியில் முட்டி, சுடும் அதிர்வில் குழாய்க்குள்ளேயே வெடிக்கும் ஆபத்து உண்டு. அதனால் தட்டைமுனை ரவைகளையே பாவித்தார்கள். தட்டைமுனை காற்றில் விரைவாக வேகம் இழக்கும். பிரபலமான .30-30 ரவையுடன் 150 மீற்றர் அளவுக்குள் மான் சுடுவதே வழக்கம். பிற்காலத்தில் மென்மையான முனை கொண்ட ரவைகள் வந்து இந்த எல்லையைச் சற்று நீட்டின.

அடர்ந்த காட்டில் அதற்கு மேல் கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. பாரம் குறைவு, நீளம் குறைவு, நடுவில் பிடித்து ஒரு கையால் தூக்கி நடக்கலாம். வேட்டைக்காரர் இதை விரும்புவதற்குக் காரணம் இதுவே. கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. பல மொடல்களில் ரவைகளை வெளியே எடுக்க ஒவ்வொன்றையும் லீவரால் ஏற்றித்தான் இறக்க வேண்டும். "காலி" என்று நினைத்த துவக்கில் ஒன்று மிஞ்சியிருப்பது இப்படித்தான்.

ஆளைப் பார்க்கும் சட்டம்

கனடாவில் இதை வாங்க 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பாதுகாப்புப் பயிற்சியில் சித்தியடைய வேண்டும். முதல்முறை விண்ணப்பிப்பவர் குறைந்தது 28 நாட்கள் காத்திருக்க வேண்டும். அனுமதிப்பத்திரத்தை ஐந்து வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வீட்டில் ரவை ஏற்றாமல் பூட்டி வைக்க வேண்டும். வேட்டைக்கு மாகாணத்தின் தனி அனுமதியும் வேண்டும். ஒன்ராறியோவில் மான் வேட்டைக் காலத்தில் குறைந்தது 400 சதுர அங்குல செம்மஞ்சள் ஆடையும் அதே நிறத் தொப்பியும் கட்டாயம்.

எங்கள் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய பகுதி விண்ணப்பப் படிவத்தில் இருக்கிறது. மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றீர்களா, தற்கொலைக்கு முயன்றீர்களா என்று அது கேட்கிறது. அண்மையில் விவாகரத்தோ வேலையிழப்போ நேர்ந்ததா என்றும் கேட்கிறது. "ஆம்" என்றால் உடனே மறுப்பு இல்லை. மேலதிக விசாரணை நடக்கும். மறைத்துப் பொய் எழுதுவது குற்றம். கணவனோ மனைவியோ கையொப்பமிட இடமும் உண்டு. கையொப்பமிடாவிட்டால் அதிகாரிகள் அவருக்கு அறிவிப்பார்கள். போரின் காயத்தோடு வாழும் ஒருவரின் வீட்டில் துவக்கு வைப்பதா என்பதில் மனைவியின் அச்சமும் இப்படிப் பதிவாகிறது.

சட்டத்துக்கும் எல்லை உண்டு. 2022 நவம்பரில் தடையை மேலும் பல அரைத் தானியங்கி வேட்டைத் துவக்குகளுக்கு விரிக்க அரசு முயன்றது. வேட்டையை உணவுக்காக நம்பியிருக்கும் பூர்வகுடி மக்கள் கடுமையாக எதிர்த்தனர். 2023 பெப்ரவரியில் அந்தத் திருத்தம் மீளப் பெறப்பட்டது.

இலங்கையில் 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் பயிர்ப் பாதுகாப்புக்குத் துவக்கு வைத்திருப்பவர் வருடாவருடம் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். ஆனால் அனுமதி கிடைக்காத இடத்தில் இடியனும் கட்டுத்துவக்கும் வந்துவிடுகின்றன. கயிறு தட்டியதும் வெடிக்கும் கட்டுத்துவக்குக்குப் பன்றியும் ஒன்று, விறகுக்குப் போன மனிதரும் ஒன்று. சட்டப்படியான துவக்கை யார் வைத்திருக்கிறார், எங்கே பூட்டி வைத்திருக்கிறார் என்று கேட்கலாம். காட்டுப் பாதையில் கட்டிவைத்த துவக்கைப் பற்றி அப்படிக் கேட்க ஒருவரும் இல்லை.